சவேரியார் தெருவுக்கு ஒரு ரோடு

சவேரியார் தெருவில் ரோசரியின் வீட்டுக்குப் போகிறவர்கள் இறங்கித்தான் போகவேண்டும். காட்டூர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்து மாதா சிலை வைத்த கெபியைத் தாண்டினால் ஏழாவது வீடு. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். நடுவில் இந்த ஓட்டு வீடு மட்டும், யாரோ தலையில் குட்டி உட்காரவைத்த மாதிரி குனிந்திருக்கும்.

அவள் புருஷன் அற்புதசாமியின் அப்பா கட்டிய வீடு அது. கட்டியபோது தெருவைவிட உயரமாகத்தான் இருந்தது. அப்புறம் தார் ரோடு வந்தது. ஆறேழு வருஷத்துக்கு ஒரு தடவை, பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு. ஒவ்வொரு ரோடும் அரையடி ஏறியது. முடிந்தவர்கள் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். முடியாதவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். இந்த வீடு மட்டும் இரண்டும் செய்யாமல் அப்படியே இருந்து, இருந்த இடத்திலேயே பள்ளத்துக்குப் போய்விட்டது. இப்போது தெருவிலிருந்து அவர்கள் நிலைப்படிக்கு ஒன்றரை அடி பள்ளம்.

கைகால் நன்றாக இருக்கிறவர்களுக்கு ஒன்றரை அடி ஒரு பொருட்டே இல்லை. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அற்புதசாமிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும். மாற்றுத்திறனாளிகள் முகாமில் கொடுத்த வீல்சேரில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு பெஞ்சமின் மேஸ்திரியும் இன்னொருவரும் வருவார்கள். வாசலில் ஒரு பலகையைச் சாய்த்து, "தம் பிடிங்கண்ணே, கப்பல் கிளம்புது" என்று சேரோடு மேலே இழுப்பார்கள். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவை நடுவில் தோண்டி ஜல்லியைக் கொட்டி மூடிய பிறகு அதுவும் நின்றுபோனது. ஜல்லியில் சக்கரம் உருளவில்லை. ஒன்றரை வருஷமாக அற்புதசாமி தெருவை வாசல் வழியாக, நிமிர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கிறார். போகிறவர்களுடைய முழங்காலும் செருப்பும் முதலில் தெரியும். செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

தெருக்காரர்கள் நல்லவர்கள். இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது தெருவே வாளியோடு வந்து இறைத்தது. எதிர்வீட்டு லிசி அவர்கள் இருவரையும் நான்கு நாள் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டாள். ரோசரி ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை மடித்து வைக்கும் வேலைக்குப் போகிறாள். அவள் போயிருக்கும் நேரமெல்லாம் அற்புதசாமிக்குத் தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்க வேண்டுமா என்று பார்க்கிறவளும் லிசிதான். ரோசரி இதற்கெல்லாம் என்ன திருப்பிச் செய்தாள்? ஒன்றும் செய்ததில்லை. செய்யும்படி யாரும் கேட்டதும் இல்லை.

ஜனவரியில் அது கேட்கப்பட்டது.

மாநகராட்சி பட்ஜெட் போடுவதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், சமுதாயக் கூடத்தில் பகுதி சபைக் கூட்டம், தெருவுக்கு ஒருவர் மூன்று நிமிஷம் பேசலாம் என்று சீட்டு வந்தது. அந்த வாரம் அன்பியக் கூட்டம் லிசி வீட்டில். தெருவிலுள்ள பதினாறு குடும்பமும் வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, ஜெபம் சொல்லி, சுண்டல் சாப்பிட்டுப் போகிற வழக்கம் அது. தலைவர் ரெஜிஸ் வாத்தியார். ரிட்டயர் ஆகியும் கையில் சாக்பீஸ் இருப்பது போலவே விரலை வைத்துக்கொண்டு பேசுவார். ஜெபம் முடிந்ததும் சீட்டை எடுத்தார்.

"ஆளுக்கொண்ணு கேட்டா ஒண்ணும் கிடைக்காது. மேலத் தெருக்காரங்க போன வருஷம் என்ன பண்ணாங்க? ஒருத்தர் லைட்டு கேட்டாரு, ஒருத்தர் தண்ணித் தொட்டி கேட்டாரு, ஒருத்தர் நாயைப் புடின்னாரு. கடைசில நாயைத்தான் புடிச்சாங்க."

"அதையும் நாலு நாள்ல கொண்டாந்து விட்டுட்டாங்க சார்," என்றான் பெஞ்சமின். "இப்ப அது கழுத்துல பட்டையெல்லாம் கட்டிக்கிட்டு அரசாங்க உத்தியோகஸ்தன் மாதிரி திரியுது."

சிரிப்பு அடங்கும்வரை வாத்தியார் காத்திருந்தார். "நம்ம அன்பியம் ஒரே குரலாப் போகணும். ஒரே கோரிக்கை. ரோடு. வேற எதையும் யாரும் சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது. சரிதானா?"

சரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ரோசரியும் சொன்னாள். சொல்லாமல் எப்படி இருப்பது? லிசியின் மகள் ஆஷ்லி ஸ்கூட்டியோடு அந்த ஜல்லியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறாள். வாத்தியாரின் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். எந்த ஆட்டோவும் தெருவுக்குள் வர மாட்டேனென்கிறது. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடக்கிறதை ரோசரி பஸ்ஸுக்குப் போகும்போது பார்க்கிறாள்.

"யாரு பேசறது?" என்று லிசி கேட்டாள்.

"அதான் யோசிச்சு வச்சிருக்கேன்," என்று வாத்தியார் ரோசரி பக்கம் திரும்பினார். "நம்ம ரோசரி பேசட்டும். அற்புதசாமிய முன்ன வச்சுக் கேட்டா யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. மாற்றுத்திறனாளி இருக்கிற தெருன்னாலே தனி மரியாதை. என்னம்மா?"

"ஐயோ, எனக்கு மைக்ல எல்லாம் பேச வராது சார்."

"நான் எழுதிக் கொடுத்துர்றேன். வாசிச்சா போதும்."

"வாசிங்கக்கா, உங்களுக்குன்னு தெருவே பின்னால நிக்குதுல்ல," என்றாள் லிசி. அன்று சாயங்காலமே வாத்தியார் வந்து தெருவில் நின்றபடி போனில் படமெடுத்தார். பள்ளத்து வாசலில் வீல்சேரில் அற்புதசாமி, நிமிர்ந்து பார்த்தபடி. கோரிக்கைத் தாளின் தலையில் அந்தப் படத்தைப் போட்டு, கீழே பதினாறு குடும்பத்துக் கையெழுத்தும் வாங்கினார். முதல் கையெழுத்து ரோசரியுடையது.

ரோடு போட்டால் வீடு இன்னும் அரையடி இறங்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ரோடு என்றால் மேலே ஏறுவதுதான் என்று நினைத்திருந்தாள். வயசு ஏறுகிற மாதிரி. அதைப் போய் யாரிடம் முறையிடுவது?

அந்த நினைப்பைக் கெடுத்தது ஸ்ரீரங்கம். மறுநாள் கடை விட்டு வருகையில் தெருவை அடைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு பெரிய மெஷின், அடியில் பல்லுருளையோடு, பழைய தார் ரோட்டைக் கடித்துக் கடித்து எடுத்து லாரிக்குள் துப்பிக்கொண்டே போனது. பின்னால் மொட்டையடித்த தலை மாதிரி சமமான தரை. ரோசரி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவரிடம் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"எதுக்குங்க தோண்டுறீங்க?"

"தோண்டலம்மா, சுரண்டுறோம். பழசை எடுத்துட்டு அதே மட்டத்துக்குப் புதுசு போடுவோம். இல்லாட்டி ரோடு ஏறி ஏறி வீட்டுக்குள்ள தண்ணி போயிரும்ல?"

இவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனிடம் சொன்னாள். அற்புதசாமி அவளை மூன்று தடவை சொல்ல வைத்தார்.

"அப்ப நம்ம வீடு... இறங்காதா?"

"இறங்காதுங்க. சுரண்டிட்டுப் போட்டா இருக்கிற மட்டத்துலயே இருக்கும். பலகை போட்டு நீங்க வெளிய போலாம்."

"கூட்டத்துல சொல்லு."

"எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்கணும்னு சார் சொல்லியிருக்காரு."

"ஒரு வார்த்தைதான? சுரண்டி." இடது கையால் சேரின் கைப்பிடியைத் தட்டினார். "இன்னும் அரையடி ஏறுச்சுன்னா என்னைய யாராலயும் தூக்க முடியாது ரோசரி. உள்ளயே கெடந்து சாக வேண்டியதுதான். சொல்லு, என்ன?"

"சொல்றேங்க," என்றாள்.

சொல்வதற்கு முன் லிசியிடம் ஒரு வெள்ளோட்டம் பார்த்தாள். லிசி மாடிப்படியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் பெரிய ரோட்டுக்குத்தாங்க்கா செய்வாங்க," என்றாள். "இப்பப் போய் அதையும் இதையும் சேர்த்தோம்னா காரியம் கெட்டுரும். மொதல்ல ரோடு வரட்டும். உங்க வீட்டுக்கு ஏதாச்சும் வழி பண்ணாமயா விட்டுருவோம்? நாங்க இல்லையா?"

எப்போதுமே இருந்திருக்கிறார்கள். அதுதானே கஷ்டம்.

கூட்டத்தன்று சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடும் மைக், பேப்பர் கப்பில் டீ. மேடையில் கவுன்சிலர் அம்மா, பக்கத்தில் கண்ணாடி போட்ட இன்ஜினியர், ஒரு பெரிய நோட்டு. மேலத் தெருவிலிருந்து வந்தவர் மறுபடி நாய் விஷயத்தை எடுத்தார். கூடம் சிரித்தது. சவேரியார் தெரு என்று கூப்பிட்டதும் சிரிப்பு நின்ற மாதிரி ரோசரிக்குத் தோன்றியது. பின்னாலிருந்து யாரோ அவள் முதுகை மெல்லத் தள்ளினார்கள். அவளுக்குப் பின்னால் பதினாறு குடும்பமும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. வாத்தியாரின் மனைவிகூட, ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு.

தாளைப் பிடித்து வாசித்தாள். மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்து, எங்கள் தெருவில் நடக்க இயலாத ஒருவர் வசிக்கிறார் என்ற வரி வரை குரல் நடுங்காமல் வந்தது. அந்த ஒருவர் தன் புருஷன் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோனது. வேறு யாருக்காகவோ கேட்பது போலிருந்தது. ஆகவே இந்த நிதியாண்டிலேயே தார்ச் சாலை அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். முடிந்தது. தாளை மடித்தாள். ஆனால் மைக்கை விட்டு நகரவில்லை.

"சுரண்டிட்டு," என்றாள்.

"என்னம்மா?" என்றார் கவுன்சிலர்.

"பழைய ரோட்டைச் சுரண்டிட்டுப் போட்டீங்கன்னா நல்லதுங்க. எங்க வீடு பள்ளத்துல இருக்கு. ஸ்ரீரங்கத்துல அப்பிடித்தான் போட்டாங்க. நான் பார்த்தேன்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வாத்தியார் எழுந்திருக்கிறார் என்று பார்க்காமலே தெரிந்தது.

இன்ஜினியர் அவளை ஏமாற்றவில்லை. நியாயமாகத்தான் பேசினார். "நீங்க சொல்றது சரிதாம்மா. சுரண்டித்தான் போடணும். ஆனா உங்க தெருவுல நடுவுல தோண்டி ஜல்லி போட்டிருக்கு. சுரண்டுனா அதையும் எடுத்து அடியிலேர்ந்து வேலை பார்க்கணும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். இந்த வார்டுக்கு இந்த வருஷம் ஒதுக்குறதுல அடங்காது. அடுத்த வருஷம் எழுதிக்கிறேன். இல்ல, இந்த வருஷமே வேணும்னா மேலாப்ல போட்டுத் தர்றேன். ரெண்டுல எது வேணும்னு உங்க தெருவே சொல்லிருங்க."

கூடம் சலசலத்தது. பெஞ்சமின் ஏதோ சொல்ல எழுந்தான். கவுன்சிலர் அம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தாளின் தலையில் இருந்த படத்தை விரலால் தொட்டார்.

"இவருக்காகத்தான எல்லாரும் கேட்டிருக்கீங்க? அப்ப அவர் வீட்டம்மாவே சொல்லட்டும். அதுதான் நியாயம். நீங்க சொல்லுங்கம்மா. தெரு உங்க வார்த்தைக்குக் கட்டுப்படும். என்ன சார்?"

"கட்டுப்படுவோங்க," என்றார் ரெஜிஸ் வாத்தியார். அவர் குரல் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் ரோசரிக்கு உதவியாக இருந்திருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை விடையைச் சரியாகச் சொல்லிவிடும் என்று நம்பிக் காத்திருக்கிற குரல் அது.

இப்போது திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. யாரும் முறைக்கவில்லை. ஆஷ்லி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள், வழக்கமாகத் தடவுகிற மாதிரிதான், இவளுக்காக இல்லை. வாத்தியாரின் மனைவி தலையைக் குனிந்திருந்தாள். அடுத்த வருஷம் என்றால் வாரம் இரண்டு தடவை, ஐம்பத்திரண்டு வாரம், அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அடுத்த வருஷம் அந்த அம்மா இருப்பாளா? லிசி ரோசரியைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் என்ன சொன்னாலும் சரிதான் என்கிற சிரிப்பு. நான்கு நாள் சோறு போட்டபோதும் அதே மாதிரிதான் சிரித்தாள்.

வெளியே போகும் கதவு கூடத்தின் கடைசியில் இருந்தது. அதுவரைக்கும் எல்லாம் தெரிந்த முகங்கள்.

சொல்றேங்க என்று வீட்டில் சொல்லி வந்தது நினைவில்தான் இருந்தது. அவர் கேட்டது ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லியாயிற்றே என்று மனசுக்குள் ஒரு பேடி மாதிரி நியாயம் பேசிப் பார்த்தாள். அதை அவளே நம்பவில்லை.

"இந்த வருஷமே போட்டுருங்க," என்றாள்.

கைதட்டல் கூரையில் போய் இடித்தது. இன்ஜினியர் நோட்டில் எழுதி, அவளிடம் நீட்டி, அவள் சொன்னதற்கு அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

தெருவுக்குத் திரும்பியது ஒரு சின்ன தேர்பவனி மாதிரி இருந்தது. பெண்கள் அவள் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க ஒரு நிமிஷம் நிறுத்துனீங்க பாருங்க, எனக்கு உயிரே போயிருச்சு," என்றாள் ஒருத்தி. வாத்தியார், "இதுக்குப் பேருதாம்மா தியாகம்," என்றார். யாரும் கலையவில்லை. எல்லோரும் அவளோடு பள்ளத்தில் இறங்கி, அந்தச் சின்ன வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். நிற்க இடமில்லாமல் சிலர் தெருவிலிருந்து குனிந்து பார்த்தார்கள்.

அற்புதசாமி கூட்டத்தின் நடுவே அவள் முகத்தைத் தேடினார். "சுரண்டுறாங்களா?"

ரோசரி செருப்பைக் கழற்றக் குனிந்தாள். லிசிதான் சொன்னாள், சந்தோஷமாக. "அதுக்கு ஒரு வருஷம் ஆகும்னுட்டாங்கண்ணே. அக்காதான் இந்த வருஷமே போடுங்கன்னு நல்ல முடிவா சொன்னாங்க."

அவர் பார்வை லிசியின் காலுக்கு இறங்கியது. பிறகு, "சரி," என்றார். "சரி, சரி."

"ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணே, நான் எதுக்கு இருக்கேன்?" என்று பெஞ்சமின் இடுப்பிலிருந்து டேப்பை உருவினான். "சரிவு கட்டிரலாம். சிமெண்ட் என்னோடது, கூலி கிடையாது. நீங்க பாட்டுக்கு உள்ளேர்ந்து மேல போயிரலாம்." நிலைப்படியில் உட்கார்ந்து அளந்தான். இப்போதுள்ள ஒன்றரை, வரப்போகிற அரை. "ரெண்டடி உயரம். ரெண்டடிக்கு ஒரு பன்னெண்டு அடி நீளமாச்சும் வேணும். இல்லாட்டி சேரு தலைகுப்புறக் கவுந்துரும்."

"தெருவுல நீட்டிக் கட்ட விடமாட்டாங்களே," என்றார் வாத்தியார்.

"தெருவுல எதுக்கு? உள்ளயே கட்டுவோம்." டேப்பை வாசலிலிருந்து அடுப்படி வரை இழுத்தான். முன்னறை சரியாகப் பன்னிரண்டு அடி. "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே!" என்று அவனே ஆச்சரியப்பட்டான். அந்த வீட்டில் அடுப்படியை விட்டால் இருப்பது அந்த ஒரு அறைதான்.

பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, இடது சுவரை ஒட்டி மூன்றரை அடி அகலத்துக்கு, அடுப்படி வாசலிலிருந்து தெரு வாசல் வரை கோடு போட்டான். கோட்டின் மேல் இருந்த டிரங்குப் பெட்டியையும் தண்ணீர்க் குடத்தையும் இரண்டு பேர் தூக்கி அடுப்படிக்குள் வைத்தார்கள். ரோசரி, "நான் எடுக்கிறேன், நான் எடுக்கிறேன்" என்று பின்னாலேயே போனாள். அற்புதசாமி படுக்கும் ஒற்றைக் கட்டிலை வலது சுவரோடு சேர்த்து நகர்த்தினார்கள். அற்புதசாமியின் சேரைத் திருப்பி, கோட்டுக்குள் நிறுத்திப் பார்த்தார்கள். அவர் தன்னைத் திருப்ப விட்டார்.

"சரி, பெரியம்மா எங்க படுப்பாங்க?" என்று ஆஷ்லி கேட்டாள்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கட்டிலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு துண்டுத் தரை மிச்சம் இருந்தது. பெஞ்சமின் அளந்தான். ஒன்றரை அடி.

"ஒருக்களிச்சுப் படுத்தா போதும்," என்றான். "அக்கா என்ன பீமசேனனா? எங்க, ஒரு தடவை படுத்துப் பாருங்க, பத்தலேன்னா கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எல்லோரும் விலகி இடம் விட்டார்கள். இலவசமாகச் சிமெண்ட் போடுகிறவன் கேட்கிறான். கோடு சரியாக இருக்க வேண்டுமே என்கிற அக்கறையில் கேட்கிறான். மாட்டேன் என்பதற்கு என்ன காரணம் சொல்வது? ரோசரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கட்டில் காலைப் பிடித்து உட்கார்ந்து, அந்த ஒன்றரை அடியில் மெதுவாகச் சாய்ந்து ஒருக்களித்துப் படுத்தாள். முகத்துக்கு நேரே கட்டிலின் அடிச்சட்டம். முதுகுக்குப் பின்னால் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் புருஷனுடைய சேரின் சக்கரம். மேலே சுற்றிலும் முகங்கள்.

"தாராளமா இருக்கே," என்றார் வாத்தியார்.

"முழங்கை மட்டும் கோட்டைத் தொடுது," என்றாள் லிசி. குனிந்து, அன்பாக, ரோசரியின் கையைத் தொட்டாள். "இதை மட்டும் கொஞ்சம் மடக்கிக்குங்கக்கா."

ரோசரி மடக்கிக்கொண்டாள்.